களவு கொடுத்தவன் கள்வனா?

மாலையில் குறைவின்றி ஓடிவந்த மோட்டார் வண்டி, மறுநாட் காலையில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஓர் ஒலி எழுப்பிவிட்டு மௌனம் சாதிக்கிறது. "பாட்டரி போய்விட்டது" என்று வீட்டார் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறுகிறார்கள். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்துப் புதிய பாட்டரி வாங்கியாகிறது. சின்னாட்களில் அதுவும் முன்னதன் கதியை அடைகிறது. களவு கொடுத்தவனைத் தண்டித்துவிட்டுக் கள்வனை வீட்டினுள்ளேயே வைத்திருந்தால் வேறென்ன நேரும்?

1859-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து கஸ்தோன் பிளாந்தே கண்ட ஈயப் பாட்டரியின் வமிசத்தைச் சேர்ந்ததே இன்றும் பெரும்பாலான கார்களில் உள்ளது. ஆறு அறைகள், அறைக்கு 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். நிறைந்த நிலையில் ஓய்ந்திருக்கும்போது மொத்தம் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிச் சரக்குத் தீர்ந்தது என்று கொள்ளலாம்.

வண்டி நின்ற பின்பும் முற்றும் உறங்குவதில்லை. கடிகாரமும், திருட்டு மணியும், உள்ளிருக்கும் கணினிகளும் சிறிது மின்சாரம் அருந்திக்கொண்டே இருக்கும். இது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேற்படலாகாது. அந்த அளவில் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் செலவு. 45 ஆம்பியர்-மணி பாட்டரி பாதியாகக் குறைய இரண்டு வாரத்திற்கு மேலாகும். மாறாக, 2 ஆம்பியர் ஒழுகினால் 12 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி, அதாவது பாதிக்கு மேல், ஓரிரவில் பறிபோய்விடும். டிக்கியில் அணையாது நிற்கும் 5 வாட் விளக்கு ஒன்று, சுமார் 0.4 ஆம்பியர் உண்டு, இரண்டு மூன்று நாட்களில் அதே வேலையைச் செய்துவிடும்.

குற்றவாளி பாட்டரியா, வண்டியா என்று முதலில் தெளிய வேண்டும். பாட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓயவிட்டு வோல்ட்டைக் குறித்துக்கொள்க. பின்பு நெகட்டிவ் கம்பியைக் கழற்றி இரவு முழுவதும் விட்டுவிடுக. காலையில் அளவு குன்றாதிருந்தால் பாட்டரி நிரபராதி. தனித்திருந்தும் வற்றிப்போயிற்றேல் குற்றம் அதனுடையதே. கம்பியைக் கழற்றுமுன் சாவியை வெளியில் எடுத்துக்கொள்வது அவசியம்; சில வண்டிகளில் ரேடியோ மறுபடி இரகசிய எண்ணைக் கேட்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வண்டியே குற்றவாளி என்று கண்டால், கழற்றிய கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். பியூஸ் பெட்டி வண்டிக்குள் இருந்தால் அந்தக் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை மட்டும் திருப்புளியால் மடக்கிவிடலாம். கதவு சாத்தியிருப்பதாக வண்டி எண்ணிக்கொள்ளும். கணினிகள் உறங்க ஒரு மணி நேரம் வரை பிடிக்கலாம். அவசரப்பட்டு முதலில் தோன்றும் எண்ணை நம்பலாகாது. மீட்டர் இணைந்திருக்கையில் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அது தாங்காது.

பின்பு பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். 0.60 என்று நின்ற எண் சட்டென 0.03 ஆயிற்றேல், அந்தப் பியூஸின் வழியில்தான் களவு நடக்கிறது. டிக்கி விளக்கு, சாமான் அறை விளக்கு, கடையில் பின்னால் பொருத்திய பாட்டுப்பெட்டி, காமிரா முதலியன அடிக்கடி அகப்படும் கள்வர்கள். எந்தப் பியூஸை எடுத்தும் எண் இறங்கவில்லையானால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதன் தடித்த கம்பி பெரும்பாலும் சிறிய பியூஸ்களின் வழியே செல்வதில்லை. உள்ளேயுள்ள டயோடு கெட்டால் மின்சாரம் பின்னோக்கி ஒழுகும்.

இது பணப்பையைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. தூக்கியெறியும் ஒவ்வொரு பாட்டரியிலும் பல கிலோ ஈயமும் அமிலமும் உள்ளன. ஒழுங்கற்ற பட்டறைகளில் அந்த ஈயத்தை உருக்கும்போது எழும் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் நம் தேசத்தில் வந்த பாட்டரிக் கழிவு விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்க, நல்ல பாட்டரியை அகாலத்தில் கழிவாக்காமலிருப்பது நம் கையில் உள்ளது.

இப்பரிசோதனையைத் தாமே செய்ய இயலாதவர்கள் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "வண்டி உறங்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது, ஐயா?" அதற்கு ஓர் எண் விடையாக வரும்வரை, புதிய பாட்டரிக்குப் பணத்தை எண்ண வேண்டாம்.