கடைசி இடத்துக்கு வந்த டீமுக்கு என்ன வைத்தியம்?

1) கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க. மருத்துவப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும், இன்னைக்கு கிரிக்கெட். ஆனா பேசப்போறது மருத்துவம் மாதிரியேதான் இருக்கும்.

2) ஐபிஎல் ஏலம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நேத்து செம்மேட்டுல ராத்திரி டூட்டி. வெளிய பனி, பத்தடி தாண்டி ஒண்ணும் தெரியல. கேஸும் இல்ல. 108 பைலட் அண்ணனும் லேப் தம்பியும் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு ஒரே சண்டை. விஷயம்? சிஎஸ்கேதான்.

3) அண்ணன் கட்சி: "ஜடேஜாவை அனுப்பிட்டு, பத்திரனாவை விட்டுட்டு, பேர் தெரியாத ரெண்டு பசங்களுக்கு 28 கோடியா? இதுக்குப் பேரு ஏலமா?" தம்பி கட்சி: "அண்ணே, கடைசி இடம் வந்த டீம் பழைய ஆளுங்களையே வச்சு என்ன பண்ணும்?" ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. "டாக்டர், நீங்களே சொல்லுங்க."

4) அப்ப அண்ணன் போன்ல ஒரு கமெண்டைக் காட்டினார். 19 வயசுப் பையனைத் திட்டி எழுதினது. அவங்க அம்மாவையும் சேர்த்து. அந்தப் பையன் சிஎஸ்கேவுக்கு இன்னும் ஒரு பந்துகூட ஆடல. அதனாலதான் இந்தத் திரெட்.

5) விவரம் தெரியாதவங்களுக்கு: ஐபிஎல் 2025-ல சிஎஸ்கே 14 மேட்ச்ல 4 ஜெயிச்சு 10-வது இடம். டீம் வரலாற்றிலேயே முதல் தடவையா கடைசி. சேப்பாக்கத்துல கொல்கத்தாவுக்கு எதிரா 103-க்கு 9 விக்கெட். அந்த மேட்ச் அன்னைக்கு எங்க டூட்டி ரூம்ல யாரும் யார்கிட்டயும் பேசல.

6) அப்புறம் நவம்பர்ல டிரேட். சஞ்சு சாம்சன் வந்தார், ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் போனாங்க. டிசம்பர் 16 அபுதாபி ஏலத்துல கையில இருந்தது 43.4 கோடி. அதுல பிரசாந்த் வீருக்கு 14.2 கோடி, கார்த்திக் சர்மாவுக்கு 14.2 கோடி. ஒருத்தருக்கு 20 வயசு, இன்னொருத்தருக்கு 19. இந்தியாவுக்கு ஆடாத வீரர்கள்ல ஐபிஎல் ஏலத்துல இதுவரைக்கும் இதுதான் அதிக விலை.

7) ரெண்டு பேரோட அடிப்படை விலையும் 30 லட்சம். 30 லட்சம் எப்படி 14 கோடி ஆச்சு? அந்த நிமிஷத்துல கையில காசு வச்சிருந்த டீம்கள் விடாம கை தூக்கினதால. விலைங்கிறது மத்த டீம்களுக்கு அவங்க மேல இருந்த ஆசையோட அளவு. பையனோட திறமை அன்னைக்குக் காலையில என்னவோ சாயங்காலமும் அதேதான்.

8) மத்த நாட்டு லீக்குகள்ல வேற முறை உண்டு. வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்-ல ஏலம் கிடையாது, டிராஃப்ட். 18 வயசுப் பசங்களை டீம்கள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கும். கடைசியா வந்த டீமுக்கு முதல் ஆளை எடுக்கிற வாய்ப்பு அதிகம். அதுக்கு ஒரு குலுக்கலும் உண்டு. அங்கேயும் ரசிகர்கள் வருஷம் முழுக்க இதே சண்டைதான்: இவனை எடுக்கணுமா, அவனையா?

9) அங்க நடந்த ரெண்டு கதை. 1993-ல ஒட்டாவா டீம் முதல் ஆளா எடுத்தது அலெக்ஸாண்டர் டெய்க்லை. பெரிய நட்சத்திரம் ஆவார்னு எல்லாரும் சொன்னாங்க, ஆகல. 1998-ல டெட்ராய்ட் 171-வது ஆளா எடுத்தது பாவெல் தத்சூக்கை. மூணு வருஷம் கழிச்சுத்தான் டீமுக்கே வந்தார். இன்னைக்கு அவர் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கார்.

10) நம்ம ஊர்லயும் டிராஃப்ட் நடந்திருக்கு, ஞாபகம் இருக்கா? 2008, முதல் ஐபிஎல். அண்டர்-19 பசங்களை மட்டும் டிராஃப்ட்ல பிரிச்சாங்க. டெல்லிக்கு விராட் கோலியை எடுக்க வாய்ப்பு இருந்தது. அவங்க எடுத்தது வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை. கோலி பெங்களூரு போனார். டெல்லியை இன்னிக்கும் கிண்டல் பண்றோம்.

11) ஆனா யாரும் சொல்லாத பாதி ஒண்ணு இருக்கு. அந்த முதல் சீசன்ல கோலி அடிச்சது மொத்தம் 165 ரன். சராசரி 15. இன்னைக்கு மாதிரி அன்னைக்கு சோஷியல் மீடியா இருந்திருந்தா ஏப்ரல் முடியறதுக்குள்ள அவரை முடிச்சிருப்போம். 2009-ல 246, 2010-ல 307. 2011 ஏலத்துக்கு முன்னாடி பெங்களூரு தக்கவச்ச ஒரே ஆள் கோலி. அந்த சீசன்ல 557.

12) கோலியை எடுத்தது அதிர்ஷ்டமா இருக்கலாம். மூணு சீசன் வச்சிருந்தது அதிர்ஷ்டம் இல்ல. நான் சொல்ல வர்றது இதுதான். எந்தப் பையனை எடுத்தோம்கிறது வைத்தியத்துல அட்மிஷன் சீட்டு மாதிரி. அட்மிஷன் போட்டா நோயாளி குணமாயிட மாட்டார். அதுக்கப்புறம் வார்டுல என்ன நடக்குதுங்கிறதுதான் வைத்தியம்.

13) நம்ம டீமையே எடுத்துக்குவோம். ருதுராஜை 20 லட்சத்துக்கு எடுத்தாங்க. 2020-ல கொரோனா வந்து, தேறி, ஆட வந்து முதல் மூணு இன்னிங்ஸ்ல 0, 5, 0. அந்த சீசன்ல "ஸ்பார்க்" வார்த்தையை வச்சு எத்தனை மீம்ஸ்! நானும் ஷேர் பண்ணினேன். அடுத்து மூணு அரைசதம். 2021-ல 635 ரன், ஆரஞ்சு கேப், கோப்பை. நாலாவது மேட்ச்ல வாய்ப்பு குடுக்கலைன்னா?

14) இன்னும் பக்கத்துல வாங்க. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. நடராஜனை 2017-ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 6 மேட்ச், 2 விக்கெட், விட்டுட்டாங்க. அடுத்து ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, 2018, 2019 ரெண்டு சீசன்லயும் ஒரு மேட்ச்கூட ஆட வைக்கல. ஆனா கூடவே வச்சுப் பயிற்சி குடுத்தது. 2020-ல 16 விக்கெட். அந்த வருஷக் கடைசியில நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்துல மூணு வடிவத்துலயும் இந்தியாவுக்கு ஆடிட்டு வந்தார்.

15) அதே ஆள், அதே யார்க்கர். 3 கோடி விலை போனப்ப தோத்தார். 40 லட்சத்துக்குப் போனப்ப ஜெயிச்சார். இப்ப சொல்லுங்க, விலைக்கும் விளைச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

16) "டாக்டர், காத்திருந்தா எல்லாரும் தேறிடுவாங்களா?" இல்ல. கமலேஷ் நாகர்கோட்டியைப் பாருங்க. 2018 அண்டர்-19 உலகக் கோப்பையில 140-க்கு மேல வேகம். கொல்கத்தா 3.2 கோடிக்கு எடுத்தது. காயத்தால ரெண்டு சீசன் போச்சு. கொல்கத்தா விட்டுடாம வச்சிருந்தது, அப்பவும் எதிர்பார்த்த உயரத்துக்கு வரல. நல்ல வைத்தியம் பார்த்தும் சில கேஸ் கைமீறிப் போகும். அதுக்காக வைத்தியமே பார்க்காம இருக்க முடியுமா?

17) இங்க டாக்டரா ஒண்ணு சொல்லணும். இருபது வயசுக்குள்ள இருக்கிற வேகப்பந்து வீச்சாளரோட கீழ்முதுகு எலும்பு இன்னும் முழுசா முதிர்ந்திருக்காது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னங்காலை ஊன்றி, உடம்பை வளைச்சுத் திருப்பும்போது அந்த எலும்பு மேல பாரம் விழும். கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விடும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐ-ல தெரியும். மாசக்கணக்குல ஓய்வு வேணும். பும்ராவுக்கே இதே முதுகுதான் பிரச்சினை.

18) எங்க ஓபிக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் முடிஞ்ச வாரம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு பசங்க வருவாங்க. "எத்தனை நாள்ல போடலாம் சார்?"ங்கிறதுதான் முதல் கேள்வி. வலிக்குதுன்னு சொன்னா டீம்ல இடம் போயிடும்னு மறைச்சிருப்பாங்க. இளம் பவுலரை எடுக்கிற டீம் கூடவே நல்ல பிசியோவையும் பொறுமையையும் எடுக்கணும். இல்லைன்னா எடுக்கவே கூடாது.

19) இப்ப அண்ணன் கட்சிக்கு வர்றேன். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. 2018-ல "அப்பா ஆர்மி"ன்னு கிண்டல் பண்ணின டீம்தான் கோப்பை ஜெயிச்சது. ஃபைனல்ல வாட்சன் 117 நாட் அவுட். அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. கடைசி ஓவருக்கு யாருங்கிற அவரோட கவலை எனக்கும் இருக்கு. பத்திரனாவை கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கிட்டுப் போனப்ப எனக்கும் வயிறு எரிஞ்சது.

20) ஆனா ஒரு நோயாளிக்குக் கேட்ட மருந்தை ஏழு வருஷம் கழிச்சு வேற நோய்க்கும் எழுத முடியாது. 2024 நவம்பர் ஏலத்துல அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்தப்ப, சொந்த ஊருக்கு வர்றார்னு துள்ளிக் குதிச்சவன் நான். 2025-ல 9 மேட்ச், 7 விக்கெட். ஆகஸ்ட்ல ஐபிஎல்-ல இருந்தே ஓய்வு. அஸ்வின் பெரிய பவுலர், சந்தேகமே இல்ல. ஆனா அன்னைக்கு நாம வாங்கினது நம்மளோட ஞாபகத்தை.

21) 2025-ல டீமுக்கு உயிர் வந்தது எப்ப? கேப்டன் ருதுராஜுக்கு முழங்கை எலும்புல விரிசல். அவருக்குப் பதிலா 17 வயசு ஆயுஷ் மாத்ரே, 30 லட்சம். பெங்களூருக்கு எதிரா 48 பந்துல 94. குர்ஜப்நீத்துக்குக் காயம், பதிலா பிரெவிஸ் வந்தார். வன்ஷ் பேடிக்குக் காயம், பதிலா உர்வில் படேல் வந்தார். கடைசி மேட்ச்ல குஜராத்தை 83 ரன்ல அடிச்சாங்க.

22) கவனிச்சீங்களா? நாம இன்னைக்கு எதிர்காலம்னு சொல்ற மூணு பேரும் உள்ள வந்தது காயம் பட்டவங்க லிஸ்ட் வழியா. யாரும் திட்டம் போட்டுக் குடுத்த வாய்ப்பு இல்ல, வேற வழியில்லாம குடுத்தது. எலும்பு உடையாம இருந்திருந்தா மாத்ரே அந்த சீசன் முழுக்க டக்-அவுட்ல உக்காந்திருப்பாரோ என்னவோ. அடுத்த வாய்ப்புக்கும் யாரோட எலும்பாவது உடையணுமா?

23) என் சொந்தக் கதை ஒண்ணு. எம்பிபிஎஸ் முடிச்சு முதல்ல வேலை பார்த்த இடம். பேர் வேண்டாம். வயித்துப்போக்குல துவண்டு வந்த ஒரு குழந்தைக்கு ஐவி லைன் போடணும். ரெண்டு தடவை குத்தினேன், நரம்பு கிடைக்கல. சீனியர் வந்தார். அந்தக் குழந்தையோட அம்மா முன்னாடியே "உனக்கெல்லாம் யாருய்யா சீட் குடுத்தா"ன்னு கேட்டார். அதுக்கப்புறம் நாலு மாசம், குழந்தைன்னாலே என் கை நடுங்கும்.

24) இங்க வந்த புதுசுல அதே மாதிரி ஒரு ராத்திரி. அதே நடுக்கம். பக்கத்துல நின்ன சிஸ்டர் ஒண்ணும் சொல்லல. குழந்தையோட கையை விளக்குப் பக்கமா திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, "அவசரமில்ல டாக்டர், நான் பிடிச்சிருக்கேன், இன்னொரு தடவை பாருங்க"ன்னாங்க. கிடைச்சது. அந்தக் குழந்தை இப்ப ஸ்கூல் போகுது. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.

25) என் படிப்பு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். பக்கத்துல நின்ன ஆள் வேற. அதனாலதான் பிரசாந்த் வீரைப் பத்தி யோசிக்கும்போது எனக்கு அவரோட ஸ்ட்ரைக் ரேட்டை விட, பக்கத்துல யார் நிப்பாங்கங்கிற கவலைதான் அதிகம்.

26) இன்னொண்ணு. அவரை "அடுத்த ஜடேஜா"ன்னு கூப்பிடறதை நிறுத்துங்க. இடது கை ஸ்பின், பேட்டிங் ரெண்டும் இருந்தா ஜடேஜாவா? 2008-ல ராஜஸ்தானுக்கு ஆடினப்ப ஜடேஜாவே இந்த ஜடேஜா இல்ல, 19 வயசுப் பையன். 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிக்கறதுக்கு நடுவுல 15 வருஷம் இருக்கு.

27) சரி, என் பிரிஸ்கிரிப்ஷன். டீமுக்கு: எடுத்த பசங்களுக்கு வேலை என்னன்னு முதல் நாளே சொல்லுங்க. எந்த இடத்துல பேட்டிங், எந்த ஓவர் பவுலிங்னு. தொடர்ந்து ஏழெட்டு மேட்ச் குடுத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சா காய்ச்சல் குறையுதான்னு ரெண்டு மூணு நாளாவது பார்த்துட்டுத்தான், நிலைமை மோசமாகாத வரைக்கும், மருந்தை மாத்துவோம். ஒரு டோஸ்ல கேக்கலைன்னு மாத்திக்கிட்டே இருந்தா எந்த மருந்து வேலை செஞ்சதுன்னே தெரியாது.

28) நமக்கு: 2026 சீசனுக்கு கோப்பைக் கணக்கு போடாதீங்க. ஆறாவது இடம் வந்தாலும், ரெண்டு பசங்க நிலைச்சு நின்னா அது நல்ல சீசன். ஆட்டத்தைத் திட்டுங்க, தப்பே இல்ல, நானும் திட்டுவேன். ஆளைத் திட்டாதீங்க. வீட்டுல இருக்கிறவங்களை இழுக்கவே இழுக்காதீங்க. அந்தக் கமெண்டை அந்தப் பையன் படிப்பான். அவங்க அம்மாவும் படிப்பாங்க.

29) எங்க செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை இருக்கு. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாத்தையும் துளைச்ச வள்ளல்னு பேரு. சிஎஸ்கே ரசிகன் ஒவ்வொருத்தனும் ஒரே ஏலத்துல அப்படி ஒரு அம்பை எதிர்பார்க்கிறான். இந்த மலைக்கு ஏறி வர்றதுக்கே 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணாத்தான் திரும்பணும்னு தினமும் ஓட்டுற நம்ம பைலட் அண்ணனுக்குத் தெரியாததா?

30) இதைச் சொன்னதும் அண்ணன் சிரிச்சார். "எல்லாம் சரி டாக்டர். முதல் மேட்ச்ல ரெண்டு பேரும் டக் அவுட் ஆனா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டார். உண்மையைச் சொல்லணும்னா, கத்துவேன். அன்னைக்கு யாராவது இந்தத் திரெட்டை எடுத்து எனக்கே அனுப்பி வைங்க.