டிராக்கின் கதையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்

பொறியியல் முடித்துவிட்டு இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ வரும் மாணவரைப் பற்றி நம் துறைகளில் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று, நான்கு ஆண்டுகளை வீணடித்துவிட்டார் என்பது. மற்றது டிராக்கின் கதை. எனக்கு எரிச்சலூட்டுவது இரண்டாவதுதான்.

டிராக் 1921இல் பிரிஸ்டலில் மின்பொறியியல் பட்டம் பெற்றார், வேலை கிடைக்கவில்லை. அதே பல்கலைக்கழகம் அவரைக் கட்டணமின்றிக் கணிதம் படிக்க அனுமதித்தது. 1923இல் கேம்பிரிட்ஜ், 1933இல் நோபல் பரிசு. மேடைதோறும் அவருடைய மேதைமையைச் சொல்வோர் அந்தக் கட்டணமில்லாத இரண்டு ஆண்டுகளைச் சொல்வதில்லை.

வண்டிப்பெரியாரில் லயத்து வீட்டுப் பிள்ளை பொறியியலுக்குப் போவது எந்திரங்களின்மேல் கொண்ட காதலால் அன்று. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து பீருமேடு வட்டத்தில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, கொழுந்துக் கூடையிலிருந்து பிள்ளையை விடுவிக்கும் பட்டம் எதுவென்று பெற்றோர் தேடினர். கல்விக்கடன் எளிதாகக் கிடைத்த பட்டம் அது. பதினேழு வயதில் குடும்பம் எடுத்த அம்முடிவை இருபத்திரண்டு வயதில் மாற்றிக்கொள்ள விரும்புவோரிடம் நாம் நோபல் கதை சொல்கிறோம்.

கதவு திறந்திருக்கிறது, மறுக்கவில்லை. கேட் தேர்வில் பொறியாளர் இயற்பியல் தாள் எழுதலாம். சென்னைக் கணிதவியல் நிறுவனம் முதுகலைக் கணிதத்துக்கு அவர்களை ஏற்கிறது. ஆனால் வெளியே வரும்போது? தமிழ்நாட்டில் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையான பாடத்திலோ இருக்க வேண்டும். ஆய்வில் இடம் கிடைக்காத பொறியாளருக்குப் பள்ளி ஆசிரியர் என்ற மாற்றுவழியும் அடைபடுகிறது. வீட்டில் பணமிருப்பவர் இந்த இடரை ஏற்கலாம்; கடன் தவணை ஓடிக்கொண்டிருப்பவர்?

பாடத்தில் இடைவெளி உண்டு என்பதும் உண்மையே. லாப்லாஸ் உருமாற்றத்தைக் கணக்காகப் போடத் தெரிந்தவருக்கு மெய்ப்பகுப்பாய்வில் ஒரு நிறுவலை எழுதுவது புது மொழி. அதைக் கற்பிக்கலாம். நான் படித்த மொழியியலில் இளங்கலைப் பட்டம் அரிது. ஆகவே வணிகவியல் படித்தவரும் பொறியியல் படித்தவரும் ஒரே வகுப்பில் ஒலியனிலிருந்து தொடங்குகிறோம். யாரும் இதைத் தரக்குறைவு என்றதில்லை. ‘அடிப்படை இல்லாதவர்கள்’ என்று இயற்பியல் துறை சொல்வதில் பாதி, சொல்லிக்கொடுக்க மனமில்லை என்பதன் நாகரிக வடிவம்.

ஒரு பருவ இணைப்புப் பாடம், அப்பருவத்துக்கு உதவித்தொகை, பணி விதியில் முதுகலைப் பாடத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் திருத்தம். பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் அடுத்த கூட்டத்தில் முதல் இரண்டையாவது முன்வைக்கட்டும். டிராக்கை அதன்பின் அழைத்துக்கொள்ளலாம்.