தாத்தாவுக்கு எப்ப லீவு?

போன மாசம் ஒரு புதன்கிழமை. கால் சுளுக்கிக்கிட்டதால ஆபீசுக்கு மட்டம். பெங்களூர்ல ஒசூர் ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல நாலாவது மாடியில நம்ம வாசம். தங்கமணி, நான் ரெண்டு பேருமே பொட்டி தட்டுறவங்க. காலைல எட்டரைக்குக் கிளம்பினா, சில்க் போர்டு சிக்னல் மனசு வச்சா ராத்திரி ஏழரைக்கு வீடு. நடுவுல வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு.

எங்க அப்பாவுக்கு எழுபது வயசு. கோவில்பட்டியில ஒரு மில்லுல முப்பத்தஞ்சு வருஷம் ஷிப்ட் பாத்தவர். பெரியவன் ஒண்ணாங்கிளாஸ். சின்னவளுக்கு மூணு வயசு, பிளே ஸ்கூல் பன்னிரண்டு மணி வரைக்கும்.

சோபாவுல காலை நீட்டிக்கிட்டு நான் பாத்த ஒரு நாள் இது.

ஏழே முக்காலுக்குப் பெரியவனோட பையைத் தூக்கிக்கிட்டு கீழ போய் பஸ் ஏத்திட்டு வந்தார். ஒன்பதரைக்குச் சின்னவளை பிளே ஸ்கூல்ல விட்டுட்டு வந்தார். வந்து பேப்பரைப் பிரிச்சார். கொரியர் வந்தது. மடிச்சு வச்சுட்டார். தண்ணி கேன் வந்தது. கேஸ் வந்தது. பதினொண்ணே முக்காலுக்கு மறுபடி செருப்பை மாட்டினார். பேப்பர் மடிச்சபடியே கிடந்தது.

பன்னிரண்டுல இருந்து மூணு வரைக்கும் மேடம் ராஜ்ஜியம். ஒரு கிண்ணம் தயிர் சாதத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம். பால்கனி, பாத்ரூம் வாசல், கட்டிலுக்கு அடியில, எல்லா இடத்துக்கும் தாத்தா கிண்ணத்தோட போனார். அப்பா கண்ணு சொக்கி நாற்காலியில சாஞ்சா, மேல ஏறி உக்காந்து ரெண்டு விரலால இமையைப் பிரிச்சு "தாத்தா, முழிச்சிக்கோ!"ன்னு ஒரு அதட்டல். டிவியில பெப்பா பிக். நியூஸ் பாக்காம காபி குடிக்காத மனுசன், அந்தப் பன்னிக்குட்டிக் குடும்பத்துல யார் யாருக்கு என்ன உறவுன்னு எனக்கு விளக்கினார் :-)

மூணேகாலுக்கு பஸ். நொண்டிக்கிட்டே நானும் கூடப் போனேன். கேட் பக்கத்துல சிமெண்டு பெஞ்சுல ஒரு தனி உலகமே இருக்குங்க. கன்னட அஜ்ஜி, ஆந்திராவில இருந்து வந்த தாத்தா, பெங்காலிப் பாட்டி, நம்ம அப்பா. ஒருத்தர் பாஷை ஒருத்தருக்கு அரைகுறை. ஆனா முட்டியைத் தொட்டுக் காட்டினா எல்லாருக்கும் புரியுது.

அதுக்கப்புறம் நாலு படி இறங்கி விளையாட்டுத் திடல். அங்கதான் கவனிச்சேன். சின்னவளை இடுப்புல வச்சுக்கிட்டு, இன்னொரு கையால சுவத்தைப் பிடிச்சு, கடைசிப் படி எங்க இருக்குன்னு காலால தடவிப் பாத்துத்தான் அப்பா இறங்கினார்.

ராத்திரி கேட்டேன். "எப்பா, கண்ணு சரியாத் தெரியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. லேசா புகை மாதிரி இருக்கும்."

தோண்டித் துருவினப்புறம் வந்தது. ரெண்டு கண்ணுலயும் புரை. ஊர்ல டாக்டர் ஆபரேஷன் பண்ணச் சொல்லி பதினொரு மாசம் ஆச்சு. "ஆபரேஷன் பண்ணா கொஞ்ச நாளைக்கு கண்ணுல தண்ணி படக்கூடாதும்பாங்க, வெயிட்டு தூக்கக்கூடாதும்பாங்க. பிள்ளைகளை யார் பாப்பா? முழுப்பரீட்சை லீவுல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

கேட்டுக்கிட்டிருந்த பெரியவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "தாத்தா, உனக்கு எப்ப லீவு?"

அப்பா சிரிச்சார். "மில்லுல எட்டு மணி நேரமானா சங்கு ஊதிருவான்டா. இங்க சங்கு இல்ல." ஜோக்காத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், சொல்லவே வெக்கமா இருக்கு. எங்க அம்மா இங்க இல்லை. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்ததுல இருந்து கோயம்புத்தூர்ல இருக்காங்க. கல்யாணமாகி நாப்பத்து மூணு வருஷம் ஒரே வீட்டுல இருந்தவங்களை, ஆளுக்கொரு ஊராப் பங்கு போட்டவங்க நாங்க ரெண்டு பேர்தான். ராத்திரி எட்டரைக்கு போன்ல "மாத்திரை போட்டாச்சா?", "போட்டாச்சு. நீ?". அவங்க குடும்ப வாழ்க்கை இப்ப அவ்வளவுதான். சொத்தைப் பிரிக்கும்போது கூட அப்பா அம்மாவை ஒரு வார்த்தை கேப்போம். அவங்களையே பிரிக்கும்போது யாரும் கேக்கலை.

"பேரப்பிள்ளைகளோட இருக்கறது அவங்களுக்கு சந்தோஷம்தானே?"ன்னு நீங்க கேக்கலாம். நானும் இத்தனை நாள் அதைச் சொல்லித்தான் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. தான்சானியாவில ஹாட்சான்னு ஒரு மக்கள். அங்க பாட்டிகள் கிழங்கு தோண்டிக் கொடுத்து பேரப்பிள்ளைகளை வளர்க்கறதைப் பாத்துட்டு, மனுச ஆயுசு இவ்வளவு நீண்டதுக்கே பாட்டிகள்தான் காரணமா இருக்கலாம்னு கிறிஸ்டன் ஹாக்ஸ்ங்கற மானுடவியல் அறிஞரும் கூட இருந்தவங்களும் 1990-கள்ல எழுதினாங்க. ஆனா அந்தப் பாட்டி தன் ஆளுங்க நடுவுல, தன் மண்ணுல இருக்காங்க. நாலாவது மாடியில கதவைப் பூட்டிக்கிட்டுத் தனியா இல்லை.

ஆஸ்திரேலியாவில மெல்போர்ன்ல 186 பெண்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2014-ல வெளியிட்டாங்க. வாரத்துல ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பாத்துக்கிட்ட பாட்டிகள் மூளைச் சுறுசுறுப்புக்கான சோதனைகள்ல நல்லா பண்ணாங்க. அஞ்சு நாளோ அதுக்கு மேலயோ பாத்துக்கிட்டவங்க ஒரு சோதனையில குறைஞ்சு போனாங்க. சின்ன ஆய்வுதான், இதை வச்சே எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது. ஆனா எங்க அப்பா முகத்தை ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தவனுக்கு ஆய்வு தேவையில்லை. ஒரு நாள்னா விருந்து. அஞ்சு நாள்னா அது வேலை. சம்பளம் இல்லாத, லீவு இல்லாத, ராஜினாமா பண்ண முடியாத வேலை.

வேலைன்னு ஒத்துக்கிட்ட நாடுகள் இருக்கு. சிங்கப்பூர்ல குழந்தையை தாத்தா பாட்டி பாத்துக்கிட்டா, வேலைக்குப் போற அம்மாவுக்கு 3,000 வெள்ளி வரிச்சலுகைன்னு ஒரு ஏற்பாடு உண்டு. பிரிட்டன்ல 12 வயசுக்குக் கீழ இருக்கற பேரப்பிள்ளையைப் பாத்துக்கறவங்க, ஓய்வூதிய வயசை இன்னும் எட்டாதவங்களா இருந்தா, 2011-ல இருந்து ஓய்வூதியக் கணக்குல அதைச் சேத்துக்கலாம். சுவீடன்ல 2024 ஜூலையில இருந்து பெத்தவங்க தங்களோட சம்பள விடுப்புல 45 நாள் வரைக்கும் தாத்தா பாட்டிக்கே மாத்திக் கொடுக்கலாம்.

நம்ம நாட்டுல? பெத்தவங்களைக் கைவிடக் கூடாதுன்னு 2007-ல ஒரு சட்டம் வந்தது. அவங்க உழைப்பைப் பத்தி அதுல பேச்சில்லை. உங்களை மாதிரி, என்னை மாதிரி வெளியூர்ல இருக்கறவங்களைப் பாக்க வர்ற பெரியவங்களுக்கு ரயில்ல பாதி டிக்கெட் மாதிரி ஒரு சலுகை இருந்தது, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம். அதுவும் 2020 மார்ச்சில நின்னு போச்சு. மைசூர் - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல முழு டிக்கெட் எடுத்து வந்துதான் எங்க அப்பா சம்பளமில்லா வேலை பாத்தார்.

ஆனா அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டுப் போறதுக்கு மனசு வரலை. 2017-ல மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினப்போ 26 வாரம் லீவைப் பத்தித்தான் எல்லாரும் பேசினோம். அதே திருத்தத்துல இன்னொண்ணும் இருக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம். 2020-ஆம் வருஷ சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அது இருக்கு. எங்க ஆபீஸ் விதிமுறைகள்ல காப்பகத்தைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு நான் ஒரு தடவை கூடப் படிச்சதில்லை. ஏன் படிக்கணும்? வீட்டுல அப்பா இருக்கார்ல!

இங்கதான் நம்ம தப்பு இருக்கு. இருக்கற வழிகளைத் தேடிப் பாத்து, விலை விசாரிச்சு, ஒத்து வராமப் போய் நாம பெத்தவங்க கிட்ட போகலை. முதல் வழியே அவங்கதான். ஏன்னா அவங்க மட்டும்தான் இலவசம்.

வழியே இல்லாதவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா திருவண்ணாமலைப் பக்கம். அவங்க பையன் ஊர்ல ஆயா கிட்ட வளர்றான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பாக்கறாங்க. முப்பது பெண்களுக்கு மேல வேலை பாக்கற தொழிற்சாலையில காப்பகம் வேணும்னு 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. ஆனா அஞ்சு வீட்டுல பாத்திரம் தேய்க்கறவங்களுக்கு எது தொழிற்சாலை? கர்நாடக அரசு கிராமங்கள்ல வேலைக்குப் போற தாய்மாருக்காக 'கூசின மனே'ன்னு காப்பகங்களை 2023-ல அறிவிச்சது. கன்னடத்துல குழந்தை வீடுன்னு அர்த்தம். நாலாயிரம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் திட்டம். நல்ல விஷயம். அந்த மாதிரி ஒண்ணு நகரத்துல அந்த அக்காவுக்கும் வேணும். அவங்க பையனை ஆயா கிட்ட விட்டது கதியில்லாம. நான் அப்பா கிட்ட விட்டது வசதிக்காக. ரெண்டையும் 'கூட்டுக் குடும்பப் பாசம்'னு ஒரே பேரு வச்சுக் கூப்பிட எனக்கு இனிமே வாய் வராது.

சரி, என்ன பண்ணோம்?

அப்பாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். தங்கச்சி அம்மாவைக் கொண்டு வந்து விட்டா. ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது, இன்னொண்ணு அடுத்த மாசம். சின்னவளுக்கு பிளே ஸ்கூல்லயே சாயங்காலம் வரைக்கும் காப்பகத்துல சேத்தாச்சு. முதல் வாரம் அழுதா, இப்ப அங்க தூங்கறா. வாரத்துல தங்கமணிக்கு ரெண்டு நாள், எனக்கு ரெண்டு நாள் வீட்டுல இருந்து வேலை. மூணேகால் பஸ்ஸுக்கு அந்த நாலு நாளும் நாங்கதான் நிக்கறோம். மீதி ஒரு நாள் எதிர் வீட்டு கன்னட அஜ்ஜி உபயம். டேமேஜர் கிட்ட பேசறதுக்கு ஒரு வாரம் பயந்தேன், அவர் "சரி"ன்னு சொல்ல ஒரு நிமிஷம்தான் எடுத்துக்கிட்டார். மாசாமாசம் கை கடிக்குது, பொய் சொல்லலை. கார் மாத்தற திட்டம் தள்ளிப் போச்சு. அப்பா கண்ணைத் தள்ளிப் போட்டதுக்கு கார் தள்ளிப் போறது பரவாயில்லை.

முழுப்பரீட்சை லீவுக்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வர்றாங்க. ஜோடியா, திரும்பிப் போற டிக்கெட்டோட. விருந்தாளியா. இனிமே எப்பவும் அப்படித்தான்.

இதைப் படிக்கறவங்க வீட்டுலயும் ஒரு அப்பாவோ அம்மாவோ இப்ப ஒரு கிண்ணத்தோட ஓடிக்கிட்டு இருக்கலாம். "கஷ்டமா இருக்கா?"ன்னு கேக்காதீங்க, "இல்லை"ன்னு தான் சொல்வாங்க. "கடைசியா டாக்டர் உங்க கிட்ட என்ன சொன்னார்?"னு கேளுங்க. அப்புறம் ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்டுல சும்மா உக்காந்து பாருங்க. அது போதும்.

நேத்து மத்தியானம் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது அப்பா போன். பதறிப் போய் வெளிய வந்து எடுத்தேன்.

"ஏய்யா, மணி மூணேகால் ஆகப் போகுதே, பஸ்ஸுக்கு யாரு போயிருக்கா?"

சங்கு ஊதினாலும் அவர் காதுல விழாது போல.