தாம்பரமும் சிறுசேரியும் ஒரே வலையில்

2015 டிசம்பர் முதல் தேதிப் பெருமழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுப் பெருக்கில் மூழ்கிய பிறகு, கணினிகளையெல்லாம் ஒரே கட்டடத்தில் வைத்திருப்பது அபாயம் என்று தென்சென்னைப் புறநகர் நிறுவனங்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

தாம்பரம் மெப்ஸ் வளாகத்துச் சர்வர்களை, ஐபி முகவரி மாறாமலே சிறுசேரிக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு, இரு முனைகளிலும் ரவுட்டர்களை நிறுத்தி, ஈதர்நெட் ஃபிரேம்களை ஐபி பாக்கெட்டுகளுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லேன் முறை மிகுந்த சௌகரியமுடையதே. பொதிவதால் 50 பைட் கூடுகிறபடியால், இடைவழி 1,550 பைட்டையாவது தாங்க வேண்டும் என்பதைக் கவனியாதவர்கள், சிறு செய்திகள் செல்லப் பெரிய கோப்புகள் மட்டும் நின்றுபோகும் விசித்திரத்தில் தவிக்க நேரும்.

ஆயினும், இந்தச் சௌகரியத்தை நிரந்தர ஏற்பாடாக்குவதை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். ஏனெனில், ஓரிடத்தில் கேபிள் தவறாகச் செருகப்பட்டு லூப் உண்டானால், அந்தப் பிராட்காஸ்ட் புயல் மறுமுனைக்கும் பரவி, ஆபத்துக்காலத்துக்கென அமைத்த இரண்டாம் நிலையமும் முதலாவதோடு சேர்ந்தே வீழக்கூடும். இடமாற்றம் முடியும்வரை மட்டும் வலையை நீட்டி, பின்னர் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிச் சப்நெட் அளித்து, இடையே ரவுட்டிங்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதற்கான தேதியை, வேலை தொடங்கும் நாளிலேயே நிர்வாகிகள் எழுத்தில் குறித்து வைக்கட்டும்.