பிழைத்தவர்களின் நியாயம்

உலகம் அழிந்து போகிற கதையைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஓர் அந்தரங்க ஆனந்தம் இருக்கிறது. பகலெல்லாம் ஆபீஸில் உழைத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் காலை நீட்டிக்கொண்டு, டெலிவிஷனில் நகரங்கள் பாழாவதைப் பார்க்கிறவன் தான் பயந்து நடுங்குவதாகச் சொல்லுவான். நம்பாதீர்கள். பயப்படுகிறவன் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து அதே இடத்தில் உட்கார மாட்டான்.

இந்தத் தொடர்களைக் 'குழந்தைகள் சமாசாரம்' என்று ஒதுக்குகிற இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் பார்ப்பதும் இல்லை. ஆகையால் கெட்டுப் போவதும் இல்லை. என் சண்டையெல்லாம் இன்னொரு கூட்டத்தாரோடு. "ஸார், இதுதான் யதார்த்தம். போலீஸும் கோர்ட்டும் இல்லாமற் போனால் மனுஷன் வெறும் மிருகம்தான். அதைத் தைரியமாகக் காட்டுகிறான் வெள்ளைக்காரன்!" என்று கண்கள் பளபளக்க என்னிடம் சொல்லுகிறவர்கள் படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள், அடுத்த வீட்டுக்காரரைக் கண்டால் மரியாதையாகக் கும்பிடுகிறவர்கள். அந்த அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி உள்ளுக்குள் அவர்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம் இது என்று தெரிகிறபோது எனக்குத்தான் பயமாயிருக்கிறது.

மட்டமான ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு அடிப்பது சுலபம். அதில் பெருமையில்லை. இந்த வகையிலே உருப்படியான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1975 ஏப்ரலில் பிரிட்டனில் பி.பி.ஸி. ஒளிபரப்பத் தொடங்கிய 'சர்வைவர்ஸ்', அதாவது பிழைத்தவர்கள். 1977 வரை 38 பகுதிகள் வந்தன. கற்பித்தவர் டெர்ரி நேஷன். 'டாக்டர் ஹூ' தொடரில் வருகிற டாலெக் என்னும் யந்திரப் பிசாசுகளைப் படைத்தவரும் அவரே. இந்தக் கதையில் யந்திரப் பிசாசும் இல்லை, வேற்றுக் கிரகமும் இல்லை. முகமூடி போட்ட ஒரு விஞ்ஞானியின் கையிலிருந்து கண்ணாடிக் குடுவை ஒன்று நழுவுகிறது. விமானங்கள் பறக்கின்றன. பாஸ்போர்ட்டுகளில் முத்திரைகள் விழுகின்றன. ஒவ்வொரு வாரமும் கதை தொடங்குமுன் காட்டுகிற இந்தச் சின்ன முகப்புக்குள்ளேயே மனித குலத்தின் பெரும் பகுதி மாண்டு போய்விடுகிறது.

முதல் காட்சியில் ஆபி கிரான்ட் என்ற சீமாட்டி தன் வீட்டில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறாள். எதிரே பந்து எறிவது ஒரு யந்திரம். எதிராளியே வேண்டாத ஆட்டம்! அந்தப் பகுதி முடிவதற்குள் கணவன் பிணமாகிவிடுகிறான். அவள் தன் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, அவன் கிடக்கிற வீட்டையும் கொளுத்திவிட்டு, பள்ளிக்கூடத்து விடுதியில் இருந்த மகனைத் தேடிப் புறப்படுகிறாள். கதைக்காரன் என்ற முறையில், அந்த டென்னிஸ் யந்திரத்துக்காகவே நேஷனுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

ஏன் ஜனங்கள் இதை விரும்பிப் பார்த்தார்கள்? அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்க்கவேண்டும். நிலக்கரித் தொழிலாளர் தகராறும் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பிரிட்டனை உலுக்கின. 1974-ன் தொடக்கத்தில், பெரும்பாலான தொழிற்சாலைகளும் வியாபார ஸ்தலங்களும் வாரத்தில் 3 நாட்கள்தான் மின்சாரம் உபயோகிக்கலாம் என்று எட்வர்ட் ஹீத் சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. சில வாரங்கள் டெலிவிஷனையே இரவு 10.30-க்கு நிறுத்தினார்கள். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்கிற நம்பிக்கை, ஒரு தேசத்தின் மத்தியதர வர்க்கத்துக்கு அப்போது ஆட்டம் கண்டது. 'சர்வைவர்ஸ்' ஆரம்பித்த அதே மாசத்தில், அதே பி.பி.ஸி.யில் 'தி குட் லைஃப்' என்ற ஹாஸ்யத் தொடரும் ஆரம்பமாயிற்று. லண்டனுக்குப் பக்கத்துப் புறநகரில் ஒரு தம்பதி வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டுப் பன்றி வளர்க்கிற கதை. ஒன்று சிரிப்பு, ஒன்று சாவு. ஆசை இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த ஆசையில் ஒரு பாதி சுத்தமானது. முதல் பகுதியில் ஒரு கிழ ஆசிரியர் ஆபியிடம் பேசுகிறார். நாம் அன்றாடம் புழங்குகிற சாதாரணச் சாமான்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றையாவது மண்ணிலிருந்து எடுப்பது முதல் கைக்கு வருவது வரை தானே செய்யத் தெரிந்தவர் யார்? கடைகளில் இருப்பது ஒரு நாள் தீர்ந்து போகும். அதற்குள் எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். எத்தனை நியாயமான பேச்சு! எனக்கு ஒரு பேனாவைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரியும்; அதற்குமேல் என் கைகளுக்கு ஒரு தொழிலும் தெரியாது. இந்த வெட்கத்தை ஒருவனுக்குள் எழுப்புகிற கதை நல்ல கதை.

மற்றப் பாதிதான் அழுக்கு. கூட்டம் ஒழிந்தது! பஸ்ஸில் இடிக்கிறவன் இல்லை. மேலதிகாரி இல்லை. வீட்டு வாடகை இல்லை. பாங்கிக் கடன் இல்லை. கடைகளில் சாமான்கள் இருக்கின்றன. பில் போடத்தான் ஆள் இல்லை. எந்த மாளிகையிலும் நுழையலாம், எந்தக் காரிலும் ஏறலாம். இத்தனை சௌகரியத்துக்கும் விலை என்ன? மற்றவர்கள் செத்துப் போகவேண்டும். பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கானவர்கள், பிழைப்பவர்கள் ஒரு கைப்பிடி. ஆனாலும் அத்தனை லட்சம் பேரில் ஒருவராவது தம்மைப் பிணங்களின் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்திருப்பாரா? சாவதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு உதயசூரியனைப் பார்த்து நிற்பதற்குத்தான் நாம்!

அழுக்கான ஆசைக்கு அழுக்கான அரசியல் வந்து சேருவதில் அதிசயமில்லை. 'சர்வைவர்'ஸில் முதல் கொடுங்கோலனாக வருகிறவன் வார்ம்லி. பழைய தொழிற்சங்கத் தலைவன். ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்துக்கொண்டு, 'நானே சர்க்கார்' என்கிறான். நொடியில் விசாரித்துச் சுட்டுத் தள்ளுகிறான். சரி, தொழிற்சங்கத் தலைவர்களில் சர்வாதிகாரிகள் இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கலாம். ஆனால் இதே தொடரில் ஜிம்மி கார்லண்ட் என்று ஒருவன் வருகிறான், பிரபு வம்சம். உலகமே செத்து எலும்பாகிக் கிடக்கிறது. இவன் காட்டில் ஒளிந்துகொண்டு, தன் மூதாதையர் மாளிகையில் குடியேறிவிட்ட கூட்டத்தின்மீது யுத்தம் நடத்துகிறான். பத்திரம் எழுதிக் கொடுத்த ராஜாங்கமும் போயிற்று, பதிவு செய்த ஆபீஸும் போயிற்று. பாத்தியதை மட்டும் போகவில்லை! கதை இவனை வீரன் என்கிறது. ஆபி இவனிடம் மனசைப் பறிகொடுக்கிறாள். தொழிலாளி சர்க்கார் அமைத்தால் அக்கிரமம், பிரபு மாளிகையைக் கேட்டால் காவியம். பிளேக் வந்தும் சாகாத ஒரே கிருமி இதுதான் போலிருக்கிறது. (ஒரு பெண்ணைத் தலைவியாக்கியது 1975-க்குப் பெரிய காரியம். அதுவும் ஒரு வருஷம்தான். அப்புறம் ஆபி கதையிலிருந்து போய்விட, பொறுப்பு ஆண்கள் கைக்கு வந்து சேர்ந்தது.)

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இதை உருப்படியானது என்றேன்? முதல் வருஷத்திலே வந்த 'லா அண்டு ஆர்டர்' என்ற ஒரு பகுதிக்காக.

ஆபியின் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம் கிராமத்துப் பெரிய வீடொன்றில் குடியிருந்து பயிர் செய்கிறது. ஒரு நாள் ராத்திரி ஆட்டம், பாட்டு, குடி. அதன் பிறகு ஓர் இளம் பெண் கொலையுண்டு கிடக்கிறாள். சந்தேகம் பார்னியின்மேல் விழுகிறது. பார்னி வயசுக்கேற்ற புத்தி வளராதவன். தனக்காகப் பேசத் தெரியாதவன். போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை, மேல் கோர்ட்டு இல்லை. ஆகவே அந்த நல்லவர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள், ஓட்டு எடுக்கிறார்கள், குற்றவாளி என்கிறார்கள். மரண தண்டனை. கிரெக் என்ற எஞ்சினீயர், கூட்டத்திலேயே நிதானமான மனுஷன், அவனை அழைத்துக்கொண்டுபோய்ச் சுட்டுவிடுகிறான்.

கொன்றவன் பார்னி இல்லை. டாம் பிரைஸ் என்ற நாடோடி. காரியம் முடிந்த பிற்பாடு ஆபிக்கும் கிரெக்குக்கும் உண்மை தெரிகிறது. என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். வயலில் வேலை செய்ய ஒரு ஜோடிக் கையை மேலும் இழக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே மற்றவர்களிடம் சொல்லாமல் இருவரும் மௌனமாகிவிடுகிறார்கள். பிரைஸ் அவர்களோடு உட்கார்ந்து அதே சோற்றைத் தின்கிறான்.

இதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மிருகங்களைக் காட்டி என்னை யாரும் பயமுறுத்த முடியாது. என்னைப்போன்ற நல்லவர்களைக் காட்டினான் பாருங்கள், அதுதான் குலைத்துவிட்டது. அங்கே எவரும் வெறிபிடித்துக் கொலை செய்யவில்லை. முறைப்படி கூடிப் பேசினார்கள். அவரவர் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போட்டார்கள். சட்டம் என்பது சௌகரிய காலத்து ஆடம்பரம், கஷ்ட காலத்தில் அதற்கு இடமில்லை என்கிற நம் யதார்த்தவாதிகளுக்கு இந்த ஒரு மணி நேரம் போதும். ஆள் குறைந்த இடத்தில் சாட்சியத்தை நிறுத்துப் பார்க்கப் பொழுதில்லை. ஊமைக்காகப் பேச ஒருவன் இல்லை. செய்த தவறைத் திருத்த மேலிடம் இல்லை. கோர்ட்டு எதற்காக ஏற்பட்டது என்பதைக் கோர்ட்டே இல்லாத ஊரை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

இனி இதன் வாரிசுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை 177 பகுதிகள் ஓடிய 'தி வாக்கிங் டெட்'டிலும் இதே கட்டம் வருகிறது. பிடிபட்ட ஒரு வாலிபனைக் கொல்வதா, விடுவதா என்று விவாதம். டேல் என்ற கிழவர் ஒருவர்தான், 'கொல்லாதீர்கள், கொன்றால் நாம் நாமாக இருக்க மாட்டோம்' என்ற நியாயத்தை வைத்து ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறார். அன்றிரவே அந்தக் கிழவரை நடைபிணம் ஒன்று குதறிவிடுகிறது. தலைவனான ரிக்கால் அந்த வாலிபனைச் சுட முடியவில்லை. தன் சின்ன மகனே 'சுடுங்கள்' என்று தூண்டுவதைக் கேட்டுக் கூசி நின்றுவிடுகிறான். நல்ல காட்சிதான்; மறுக்கவில்லை. ஆனால் வாலிபனை வேறொருவன் காட்டுக்கு இழுத்துப்போய்க் கழுத்தை முறிக்கிறான். அந்தப் பருவம் முடிவதற்குள் அதே ரிக், இனிமேல் இங்கே ஜனநாயகம் கிடையாது என்று அறிவித்துவிடுகிறான். வருஷக்கணக்காக இதைப் பார்க்கிறவன் என்ன கற்றுக்கொள்ளுகிறான்? இரக்கப்பட்டவன் சாவான், முந்திச் சுட்டவன் தேறுவான். வாக்கெடுப்பு குழந்தைப் பருவம். கொலை வயசுக்கு வந்ததற்கு அடையாளம்.

'சர்வைவர்ஸ்' தொடரையே 2008-ல் பி.பி.ஸி. புதுப்பித்தது. அதிலும் டாம் பிரைஸ் உண்டு, கொலைகாரன்தான். ஆனால் இப்போது கவர்ச்சியான ஆண்பிள்ளை. கூட்டத்துக்கு ஆபத்து வந்தால் அவன்தான் கை கொடுக்கிறான். 33 வருஷத்தில் பிரைஸ் அடைந்த பதவி உயர்வு இது.

"கதைதானே ஸார்!" என்பார்கள். அப்படியா? 2005 ஆகஸ்டு 29-ம் தேதி காத்ரீனா புயல் அடித்து அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. ஜனங்கள் அடைக்கலம் புகுந்த விளையாட்டரங்கில் கற்பழிப்பும் கொலையுமாக நடக்கிறதென்று வதந்தி. நகரத்தின் பெரிய மனிதர்களே டெலிவிஷனில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு விசாரித்ததில் பெரும்பாலானவை ஆதாரமற்றவை என்று தெரிந்தது. ஆனால் 'மனுஷன் மிருகமாகிவிட்டான்' என்று நம்பியவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. செப்டம்பர் 4-ம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாமல் நடந்துபோனவர்களைப் போலீஸார் சுட்டார்கள். இருவர் செத்தார்கள், நால்வர் படுகாயமடைந்தார்கள். செத்தவர்களில் ஒருவருக்கு வயசு 40, புத்தி வளர்ச்சி குன்றியவர், முதுகிலே சுடப்பட்டார். சுட்டவர்கள் பொய்ச் சாட்சியம் தயாரித்தார்கள். அவர்களில் சிலர் 2016-ல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பார்னி கதையில் வந்தது நடந்தேவிட்டது. ஒரு வித்தியாசம்: நியூ ஆர்லியன்ஸுக்கு வெளியே கோர்ட்டு இருந்தது.

பிரிட்டனுக்கும் சோதனை வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா. கடைகளில் காகிதச் சுருளுக்கு அடித்துக்கொண்ட காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. அதே மாசத்தில் தேசிய சுகாதார சேவைக்கு உதவ 2,50,000 தொண்டர்கள் தேவை என்று சர்க்கார் கேட்டது. சில நாட்களுக்குள் பெயர் கொடுத்தவர்கள் 7,50,000 பேர். அதற்குமேல் பெயர் சேர்ப்பதையே நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. நோய் அத்தனை கொடியதாக இல்லை, எல்லாரையும் கொல்லவில்லை, ஆகையால் இது கணக்கில் சேராது என்று என் நண்பர்கள் சொல்லக்கூடும். பெயர் கொடுத்த அன்றைக்கு அது எத்தனை பேரைக் கொல்லும் என்று அவர்களுக்குத் தெரியாதே!

இந்த 7,50,000 பேரை வைத்துத் தொடர் எடுப்பவர்கள் குறைவு. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த 'ஸ்டேஷன் லெவன்' ஒன்று கண்ணில் படுகிறது. எமிலி செயின்ட் ஜான் மண்டேல் 2014-ல் எழுதிய நாவலைத் தழுவியது. பத்தே பகுதிகள். அதிலும் காய்ச்சல் வந்து உலகம் போகிறது. சிகாகோவில் 'கிங் லியர்' நாடகம் நடக்கிறபோது மேடையிலேயே நடிகர் ஒருவர் விழுந்து சாகிறார். கூட நடித்த சிறுமி ஒருத்தி அழைத்துப்போக ஆளில்லாமல் நிற்கிறாள். பார்க்க வந்திருந்த ஜீவன் சௌத்ரி என்பவன், உருப்படியான வேலை ஒன்றும் இல்லாதவன், பயந்த சுபாவி, 'வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்' என்று அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். வீட்டில் யாரும் இல்லை. கடைக்குப் போய்க் கிடைத்ததையெல்லாம் தள்ளுவண்டிகளில் அடுக்கிக்கொண்டு, பனியில் தள்ளிக்கொண்டு, அண்ணனுடைய அடுக்கு வீட்டுக்குப் போகிறான். கூடவே அந்தப் பெண்ணும் நடக்கிறாள். அவளுக்கு உழத் தெரியுமா, சுடத் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை.