ஒரு மெகாவாட் வெயிலும் நிலமற்றோரின் பங்கும்

இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 சனவரியில் 100 கிகாவாட்டைக் கடந்தது. அக்கணக்கில் ஒரு மெகாவாட் நிலையம் இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆயினும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் யூனிட் தரும். மாதம் 100 யூனிட் செலவிடும் 1,250 வீடுகளுக்கு அது போதும். விளையும் இடத்திலேயே செலவாவதால் கம்பிவழி இழப்பும் குறையும். சிறு நிலையங்களின் தேசியப் பயன் இதுவே. அப்பயன் யாரைச் சேர்கிறது என்பதே நம் கேள்வி.

மின்னாக்கத்தின் சுமையைத் திருவள்ளூர் மாவட்டம் நெடுங்காலமாக அறியும். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். அருகே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். மின்சாரம் நகருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கும் செல்கிறது. சாம்பல் செப்பாக்கத்தின் அருகே தங்குகிறது.

சூரியஒளி சாம்பல் தராது. ஆனால் நிலம் கேட்கும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் தேவை. 2019இல் வந்த குசும் திட்டம் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை உழவர் நிலத்தில் அமைக்க வழிசெய்கிறது. 2024இன் சூரிய வீடு திட்டம் கூரைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. முன்னதற்கு நிலம் வேண்டும். பின்னதற்குத் தகடுகளைத் தாங்கும் சொந்தக் கூரை வேண்டும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசமுள்ளது 9 விழுக்காட்டிற்கும் குறைவு. உடைமையை வாயிலாக வைக்கும் திட்டம், உடைமை மறுக்கப்பட்டோரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்த மறுப்புக்கு இம்மண்ணிலேயே வரலாறு உண்டு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்டது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட சுமார் 12 இலட்சம் ஏக்கரில் பெரும்பகுதி பிறர் கைகளுக்குப் போய்விட்டது. சூரியஒளி மின்நிலையங்களுக்கோ 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்கீழ் முன்அனுமதி தேவையில்லை. எனவே பொது விசாரணையும் இல்லை. மேய்ச்சல் புறம்போக்கை நம்பி வாழும் குடும்பம் தன் மறுப்பைப் பதிவுசெய்ய மன்றம் ஏது?

சூரிய மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை; அதில் பங்கு கேட்கிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விடுமுன் அது பஞ்சமி நிலமா என்பதை ஊரறிய வெளியிட வேண்டும். கிராமசபையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். மீட்கப்படும் பஞ்சமி நிலத்தில், உரியவர்கள் விரும்பினால், அவர்களின் கூட்டுறவே சிறு நிலையத்தை நடத்த அரசு முதலீடு தர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள், பள்ளிகளின் கூரைகளிலிருந்து இதைத் தொடங்கலாம்; அவற்றுக்குப் புதிதாக ஒரு சென்ட் நிலமும் தேவையில்லை.