காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் விளைவிப்பதும் இப்பொழுது குற்றப்பட்டியலில் ஏறிவிட்டது. நீர் நிறைந்த வயலினின்று மீத்தேன் என்னும் வளி எழுகின்றதாம். அவ்வளி ஞாலத்தின் வெப்பத்தை மிகுவிக்கின்றதாம். ஆகலின் நெல்லுண்ணும் மக்கள் தம் வேளாண்மையைத் திருத்திக்கொள்ளல் வேண்டுமாம். இதைக் கேட்ட நம் அன்பர் பலர், 'அயலார் சூழ்ச்சி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, அயலார் கூறியது எதுவாயினும் மெய்யே என்று தலையசைக்கின்றனர். இருதிறத்தாரும் வயலில் இறங்கிப் பார்த்திலர் என்பதே என் கருத்து.

முதற்கண் உண்மை இன்னதென்று காண்போம். வயலில் நீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் உயிர்வளி புகாது. உயிர்வளியற்ற அச்சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள், மட்கும் வைக்கோலையும் தழையையும் வேர்க்கழிவையும் சிதைத்து மீத்தேனை வெளிவிடுகின்றன. குளத்துச் சேற்றை மிதித்தால் குமிழியிட்டு எழுவதும் இதுவே. வயலிலோ அது பெரும்பாலும் குமிழியாக எழுவதில்லை. நெற்பயிரின் தாளினுள் உள்ள நுண்ணிய காற்றறைகளின் வழியே, புகைபோக்கியில் புகை ஏறுவதுபோல் ஏறி வெளியேறுகின்றது. கரியமிலவளியைப்போல் அது வானில் நெடுங்காலம் தங்குவதில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆயினும் இருக்குமளவும் கொடிது. இருபதாண்டுக் கணக்கில், நிறைக்கு நிறை, கரியமிலவளியைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மாந்தர் செயலால் எழும் மீத்தேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களினின்று வருவது. எஞ்சியதன் பெரும்பகுதி கால்நடை, நிலக்கரி, கல்நெய், எரிவளி, குப்பைமேடு ஆகியவற்றினின்று வருவது. இவை அளந்தறிந்த உண்மைகள். இவற்றை மறுப்பதால் தமிழர்க்கு ஆக்கம் ஒன்றுமில்லை.

(மீத்தேன் என்பதில் 'தேன்' இருக்கக் கண்டு அதைத் தமிழென்று மயங்கிய மாணவர் உளர். அஃது அயற்சொல்லே. சேற்றுவளி என்று நான் எழுதிவருகின்றேன். நிலக்கரியினின்றும் அது வருதலால் அப்பெயர் முற்றும் பொருந்தாது; அதனினும் தக்க சொல்லைக் காட்டுவார்க்கு நன்றியுடையேன்.)

உண்மை வேறு, அதைக் கொண்டு வழக்குத் தொடுப்பது வேறு. 1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் உலகவள நிறுவனம் வெப்பவளிக் கணக்கொன்றை வெளியிட்டு, இந்தியாவை முதல் ஐந்து நாடுகளுள் ஒன்றாக நிறுத்தியது. மறு ஆண்டே தில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதை மறுத்து நூலெழுதினர். வயிற்றுக்காக நெல் விளைவிப்பவன் விடும் வளியையும், உலாவுக்காக ஊர்தி ஓட்டுபவன் விடும் வளியையும் ஒரே நிறைகோலில் இடுதல் அறமாகுமா என்பது அவர்தம் வினா. வடபுலத்தார் வினவினர் என்பதற்காக நல்ல வினாவை நாம் தள்ளவேண்டுவதில்லை.

அக்காலத்தே இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 இலக்கம் டன் சேற்றுவளியை விடுவதாக அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருந்தது. 1991-இல் மித்திரா என்னும் அறிவியலார் தலைமையில் வயல்களிலேயே பயிர்மேல் கூடு கவிழ்த்து அளந்தனர். கண்டது ஏறத்தாழ 40 இலக்கம் டன். அஃதாவது ஒன்பதில் ஒரு பங்கு! மேலைநாட்டு வயலில் கண்ட அளவை ஈண்டுள்ள வயற்பரப்பால் பெருக்கிய கணக்கு அது. நம் வயல்களுள் பல மழையை நம்பியவை, இடையிடையே காய்பவை, மட்குக் குறைந்தவை என்பதை எண்ணிலர். நாமே அளவாவிட்டால் நம்மைப் பிறர் அளப்பர். அவர் அளந்ததே கணக்காகும்.

ஆயினும் நம் வயலில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நீரை எந்நாளும் தேக்கிவைக்காமல், கட்டிய நீர் மறைந்து மண் சற்றுக் காய்ந்தபின் மறுபடியும் கட்டுவது. மண் காயுங்கால் உயிர்வளி உட்புகும். சேற்றுவளியை ஆக்கும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். இவ்வாறு செய்தால் சேற்றுவளி மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறையும் என்றும், நீரில் முப்பது விழுக்காடு வரை மிஞ்சும் என்றும், முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. நட்ட புதிதில் நீர் நிற்கவேண்டும். பூக்கும் பருவத்திலும் நிற்கவேண்டும். இடைப்பட்ட நாட்களில் காயலாம். எவ்வளவு காயலாம் என்பதற்குப் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல்லாராய்ச்சி நிறுவனம் ஓர் எளிய கருவியைக் காட்டியுள்ளது: ஒரு முழத்திற்கும் குறைந்த குழாய்த்துண்டில் துளையிட்டு வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணின் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் மடை திறப்பது. மூங்கிலிலும் செய்துகொள்ளலாம்.

இதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக் குறுக்கம் ஒன்றைப் படைத்து, அதையே நம் ஊர்களிலும் பயிற்சி வகுப்புத்தோறும் முழக்குகின்றனர். உழவர் விழிக்கின்றனர். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தறியாத முதியவரும் மறுநொடியே விளங்கிக்கொள்வார். 'நீர் மறைய நீர் கட்டு' என்பதும் அவர் வாயிலுள்ள சொல்லே. இரண்டையும் துண்டறிக்கைகளில் எழுதிய வேளாண்துறை அலுவலரும் உளர்; அவரைப் போற்றுகின்றேன். இருந்த சொல்லை மறைத்து ஆங்கிலக் குறுக்கத்தை நுழைக்குங்கால், தன் பாட்டன் செய்த தொழிலையே உழவன் அயலாரிடம் கற்பதாக எண்ணித் தாழ்வுறுகின்றான் என்பதே என் குறை. மற்றொன்றும் சொல்லவேண்டும். புழுதியைக் காயவிடுதலின் பயனைத் திருக்குறள் உழவுப் பகுதியில் கூறுகின்றது. அதைக் காட்டி வள்ளுவர் சேற்றுவளியை அறிந்திருந்தார் என்று மேடையில் முழங்குவாரை நான் ஒப்பேன். அவர் கூறியது எருச் சிக்கனம். அதுவே போதிய பெருமை.

இனி, இவ்வளவு எளியதை உழவர் ஏன் செய்யவில்லை? சோம்பல் என்கின்றனர் நகரத்தார். கடைமடையில் நிற்பவனைக் கேட்டுப் பார்த்தனரா? மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்கப்பெறவேண்டும். அந்நாள் தவறிய ஆண்டுகள் பல. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் நமக்கென வகுத்த 19,200 கோடிக் கனவடி நீரை, உச்சநயன்மன்றம் 2018-இல் 17,725 கோடியாகக் குறைத்தது. அதுவும் திங்கள்தோறும் கணக்குப்படி வருகின்றதா என்பதை நாடறியும். அடுத்த முறைநீர் வருமோ வாராதோ என்று அஞ்சுபவன், கைக்கு வந்த நீரை வயலில் தேக்கித்தான் வைப்பான். அஃது அறியாமையன்று, பட்டறிவு. காயவிடச் சொல்பவர், பாய்ச்சுவதற்கு உறுதி தருதல் வேண்டும். சம்பாவிலோ, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயலைக் காயவிடுவது பேச்சுக்கும் ஒவ்வாது. ஆங்கு வேண்டுவது தூர்ந்த வடிகாலை மீட்பதே. குறுவைக்கும் கிணற்றுநீர் நவரைக்குமே இம்முறை முதற்கண் பொருந்தும். வேதியுரத்தை அள்ளிக் கொட்டிவிட்டு வயலைக் காயவிட்டால், நைட்டிரசு ஆக்சைடு என்னும் வேறொரு வெப்பவளி மிகும் என்பதையும் உழவர்க்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.

இதற்கிடையே வணிகர் நுழைந்துவிட்டனர். உழவன் குறைத்த வளிக்குச் சான்றிதழ் எழுதி, அதைப் புகைவிடும் நிறுவனங்களுக்கு விற்கும் வணிகம் அது. வாங்கியவன் தன் புகையைக் குறைக்காமலே குறைத்ததாகக் கணக்கெழுதுவான். இச்சான்றிதழ்களைப் பதியும் வெர்ரா என்னும் அமெரிக்க அமைப்பே, 2024-இல் சீனத்து நெல்வயல் திட்டங்கள் 37-ஐத் தள்ளியது என்றால் இவ்வணிகத்தின் தன்மையை உணரலாம். தமிழில் எழுதப்பெறாத ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாதீர் என்று நம் உழவர்க்கு அறிவுறுத்துகின்றேன்.

இன்னொன்று. இதே மீத்தேனை நம் காவிரிப்படுகையின் அடியிலுள்ள நிலக்கரியினின்று உறிஞ்சி எரிப்பதற்குத்தான் 2010-இல் தில்லியரசு ஒப்பந்தமிட்டது. அதை எதிர்த்து ஊரூராக நடந்த நம்மாழ்வார் 2013 திசம்பர் 30-இல் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் உயிர்நீத்தார். மக்கள் எழுச்சியால் அத்திட்டம் கைவிடப்பெற்றது. 2020-இல் படுகையைக் காக்கச் சட்டமும் வந்தது. மண்ணுக்கடியில் இருந்ததைத் தோண்டி எடுக்கத் துணிந்தவர், மண்ணின் மேல் எழுவதற்காக உழவனைக் கடிந்துகொள்ளும் தகுதி உடையரா?

கடிந்துகொள்வார் எவராயினும், குறுவையில் நீர் மிஞ்சுவது நமக்கே. ஆகவே ஊர்தோறும் ஒரு வயலிலேனும் அடுத்த குறுவையில் இதைச் செய்து, நீரையும் விளைச்சலையும் நம் கையாலேயே அளந்து குறித்துவைப்போம். உங்கள் ஊரில் நீர் பாய்ச்சுதல், வடித்தல், காயவிடுதல், புழுதி விதைப்பு ஆகியவற்றிற்கு வழங்கும் சொற்களையும், நீர்க்கட்டியைக் குறிக்கும் பெயர்களையும் முதியோரிடம் கேட்டு, ஊர்ப்பெயருடன் இவ்விதழுக்கு எழுதியனுப்புங்கள். வந்தவற்றைத் தொகுத்துத் தைத்திங்கள் இதழில் வெளியிட ஆசிரியர் இசைந்துள்ளார்.